புறாத்தீவில் ஒன்பது வயதுப் பிள்ளைக்குச் சுறா காட்டலாமா?

ஜூன் 23, ஒரு வாசகரின் கேள்வி

"ஜூலைக் கடைசியில் குடும்பமாகத் திருகோணமலைப் பக்கம் நிலாவெளி போகிறோம். மகளுக்கு ஒன்பது வயது, நீந்துவாள். புறாத்தீவில் சுறா பார்க்கலாம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில் வேறு கதையே இல்லை. பிள்ளையைத் தண்ணீரில் இறக்கலாமா? கடிக்காதா? போன வருடம் போய் வந்த என் அண்ணன், 'செத்த கல்லும் சனமும்தான், சுறாவும் இல்லை ஒரு மண்ணும் இல்லை' என்கிறார். எதை நம்புவது?"

ஜூன் 24, திங்கள் இரவு

இரண்டையும் நம்புங்கள். எங்கள் சுழியோடிக் கழகம் போசன் விடுமுறைக்கு அங்கேதான் போயிருந்தது. நேற்றிரவு பதினொரு மணிக்குத்தான் கொழும்பு வந்து சேர்ந்தோம். ரப்பர் உடுப்பு இன்னும் பல்கனியில் சொட்டிக்கொண்டிருக்கிறது. சூடு ஆறுமுன் எழுதிவிடுகிறேன்.

பிள்ளையை இறக்கலாம். அங்கே கரையோரம் திரிவது கருமுனைச் சுறா. துடுப்பு நுனிகளை மையில் தோய்த்து எடுத்தது போல இருக்கும். வளர்ந்தது ஒன்றரை மீற்றரைக் கொஞ்சம் தாண்டும். முட்டை இடாது, குட்டி போடும். குட்டி பிறக்கும்போதே ஏறக்குறைய ஒரு முழம் இருக்கும். சின்ன மீனும் கணவாயும்தான் அதன் சாப்பாடு. மனிதரைக் கடித்ததாகப் பதிவானவை சில உண்டு. அவற்றில் பெரும்பாலானவை, ஆழமில்லாத தண்ணீரில் நடந்து போனவரின் காலை இரை என்று நினைத்துக் கொத்தியவை. ஆகவே விதி ஒன்றுதான்: பிள்ளை நடக்கக் கூடாது, மிதக்க வேண்டும். கவிழ்ந்து படுத்து மிதக்கிற பிள்ளையைக் கண்டால் அந்தச் சுறாதான் விலகிப் போகும்.

சனிக்கிழமை காலை முதல் வள்ளம் எங்களுடையது. காற்றுச் சிலிண்டர் எதுவும் கட்டவில்லை. கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மட்டும். இடுப்பளவு தண்ணீரில் கவிழ்ந்து, கையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு மிதந்தேன். முதலில் மணல்தான் தெரிந்தது. கிளிமீன்கள் முருகைக்கல்லை (பவளப்பாறையை) கடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது, பக்கத்து அறையில் யாரோ முறுக்குச் சாப்பிடுவது போல. இரண்டு மூன்று நிமிடம் போயிருக்கும். மணலின் நிறத்திலேயே ஒரு நிழல் அசைந்தது. அப்புறம் அதன் பின்னால் இன்னொன்று, இன்னொன்று. மூன்று சுறா. பெரியது என்னிலிருந்து ஒரு பாய் நீளத் தூரத்தில் திரும்பியது. கண் பூனைக்கண் போல, நடுவில் நெடுக்குக் கீற்று. முதுகுத் துடுப்பின் பின்விளிம்பில், கறுப்பு முடிகிற இடத்துக்குச் சற்றுக் கீழே, புழு தின்ற இலை போல அரைவட்டமாக ஒரு வெட்டு. என்னை ஒருமுறை சுற்றிவிட்டுப் போய்விட்டது.

பத்து மணிக்கு அதே இடத்துக்கு வந்து பார்த்தேன். வள்ளம் வள்ளமாகச் சனம். மிதவைச் சட்டை போட்டவர்கள் முருகைக்கல்லின் மேலே ஏறி நின்று ஒருவரை ஒருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கலங்கிய தண்ணீரில் என் கையே எனக்குத் தெரியவில்லை. சுறா ஒன்றும் இல்லை. உங்கள் அண்ணன் போனதும் இப்படியொரு நேரமாகத்தான் இருக்கும்.

ஜூன் 25

காலையில் இதைப் படித்த கழகத்து நண்பர் தன் கமெராவில் எடுத்த காட்சியை அனுப்பியிருக்கிறார். மூன்று இல்லை, நான்கு. நான்காவது ஒரு குட்டி. பெரியவற்றுக்கு வெகு பின்னால், கரைப் பக்கமாக, முழங்கால் அளவு தண்ணீரிலேயே போகிறது. குட்டிகள் அப்படித்தான். பெரிய மீன் எதுவும் வர முடியாத ஆழமற்ற இடத்திலேயே வளரும். நாங்கள் வள்ளத்திலிருந்து குதித்து இறங்கிய இடமும் அதுதான். அது பக்கத்தில் இருந்தபோது எங்கள் பதினொரு பேரில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

ஜூன் 25, மாலை

பயணத்தை ஒழுங்காகச் சொல்லும்படி ஒருவர் கேட்டிருக்கிறார். பதினொரு பேர், இரண்டு வான். வெள்ளி அதிகாலை வெளிக்கிட்டு, குருநாகல், தம்புள்ளை, ஹபரணை வழியாக மதியத்துக்கு முன் நிலாவெளி. அன்று பின்னேரம் ஒரு சுழியோட்டம், சனி இரண்டு, ஞாயிறு காலை கோணேசர் மலையடியில் ஒன்று. மொத்தம் நான்கு.

புறாத்தீவு உண்மையில் இரண்டு தீவு, பெரியதும் சின்னதும். நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவுதான். ஊர்ச்சனம் புறாமலை என்றுதான் சொல்லும். மாடப்புறா கூடுகட்டுகிற பாறைகள் என்பதால் வந்த பெயர். வெள்ளைக்காரன் காலத்தில் துப்பாக்கி சுட்டுப் பழகிய இடம் அது. 1963இல் சரணாலயம் ஆனது, 2003இல் தேசியப் பூங்கா ஆனது.

வெள்ளிப் பின்னேரம் பதினான்கு மீற்றரில் பெரிதாக எதையும் தேடவில்லை. நீண்ட நாளுக்குப் பிறகு இறங்கியவர்களுக்கு அது ஒத்திகை. ஒரு பாறைப் பொந்தில் அஞ்சாலை, பாம்பு போல நீண்ட மீன், ஒன்று வாயைத் திறந்து திறந்து மூடியது. புதிதாக வந்த தங்கச்சி ஒருத்தி பயந்து பின்னால் போய்விட்டாள். மேலே வந்ததும் சொன்னேன்: அது மிரட்டவில்லை, மூச்சு விடுகிறது. வாயால் தண்ணீரை இழுத்துச் செவுளுக்குள் அனுப்ப அதற்கு வேறு வழியில்லை. மறுநாள் அவளே முதல் ஆளாக அந்தப் பொந்துக்குப் போனாள்.

சனி இரண்டாவது சுழியோட்டத்தில் ஒரு பேராமையைக் கண்டோம். அதைப் பற்றிப் பிறகு தனியாக எழுதுகிறேன்.

ஜூன் 27

பேராமை என்று எழுதியது பிழை. படத்தைப் பெரிதாக்கி வடிவாகப் பார்த்தேன். அது அழுங்காமை.

அடையாளம் நெற்றியில் இருக்கிறது. இரண்டு கண்ணுக்கும் நடுவே, மூக்குக்கு மேலே உள்ள செதில்களை எண்ண வேண்டும். பேராமைக்கு ஒரு சோடி, அழுங்காமைக்கு இரண்டு சோடி. என் படத்தில் தெளிவாக நான்கு செதில். வாயும் குறுகி, கிளி மூக்குப் போல வளைந்திருக்கிறது. அந்த மூக்கால்தான் கல்லிடுக்கில் உள்ள கடற்பஞ்சைக் கிள்ளி எடுத்துத் தின்னும். ஓட்டுத் தகடுகள் கூரை ஓடு போல ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருக்கும். சீப்புக்கும் சிமிழுக்கும் இந்த இனத்தைக் கொன்று தீர்த்ததும் அந்தத் தகட்டுக்காகத்தான். இலங்கைக் கரையில் முட்டையிடுகிற ஐந்து ஆமை இனமும் சட்டத்தால் காக்கப்பட்டவை. அழுங்காமை அவற்றில் மிக அருகிவிட்ட ஒன்று.

ஜூன் 27, நள்ளிரவு

ஆமையைப் பற்றி எழுத வேண்டியது அடையாளம் மட்டும் இல்லை. மூன்று நாளாக எழுதாமல் தள்ளிப்போட்டதையும் எழுதுகிறேன்.

நாங்கள் கண்டபோது அது ஒன்பது மீற்றர் ஆழத்தில் தின்றுகொண்டிருந்தது. முன்துடுப்பு ஒன்றைக் கல்லில் ஊன்றி, தலையை இடுக்குக்குள் விட்டு, பிய்த்து எடுத்து, மென்றது. பிய்க்கும்போது பறந்த துகளுக்கு வண்ணத்துப்பூச்சி மீன்கள் சுற்றிக்கொண்டு நின்றன. நான் நல்ல படம் வேண்டுமென்று முன்பக்கமாகப் போனேன். அது திரும்பியது. நானும் திரும்பினேன். கிட்டத்தட்ட நான்கு நிமிடம் அப்படியே. கடைசியில் அது தின்பதை விட்டுவிட்டு மேலே ஏறத் தொடங்கியது. நான் அதற்கு மேலே இருந்தேன், முகம் பார்த்துப் படம் எடுப்பதற்காக. அது ஏறிய வழியில் நான் நின்றேன். அது மறுபடி கீழே போய், சுற்றி, தூரத்தில் மேலே வந்தது.

வள்ளத்தில் ஏறியதும் வள்ளக்கார அண்ணன் கேட்டார். அவர் நிலாவெளியில் மூன்று தலைமுறையாக வலை வீசுகிற குடும்பம். "தம்பி, அந்த ஆமை மூச்செடுக்க வந்தது. ஏன் அதின்ட வாசல்ல நிண்டனீங்கள்?"

வாசல் என்றுதான் சொன்னார். எனக்குப் பதில் வரவில்லை. பதினொரு வருடமாகச் சுழியோடுகிறேன், புதியவர்களுக்கு 'துரத்தாதே' என்று பாடம் எடுக்கிறவன் நான். கையில் கமெரா இருந்தால் கண்ணுக்கு முன்னால் உள்ளது விலங்கு என்பதே மறந்துவிடுகிறது. நெற்றிச் செதில் நான்கையும் எண்ணக்கூடிய அந்தத் தெளிவான படம் அந்த நான்கு நிமிடத்தில் கிடைத்ததுதான். எங்கும் அதைப் போடப்போவதில்லை.

ஜூன் 29

"சுறா வேண்டாம், நெமோவாவது இருக்குமா?" என்று ஒரு கேள்வி, கார்ட்டூன் படத்தில் வந்த மீனைப் பற்றி. எல்லோரும் அறிந்த அந்தச் செம்மஞ்சளும் வெள்ளைப் பட்டையும் உள்ள இனம் இலங்கைக் கடலில் இல்லை. அந்தமானிலிருந்து கிழக்கே இருக்கிறது. இங்கே இருப்பவை அதன் உறவுகள். புறாத்தீவில் நாங்கள் கண்டது உடலில் கறுப்பும் மஞ்சளும் கலந்த, இரண்டு தடித்த வெள்ளைப் பட்டையுள்ள இனம். பூப்போல விரிந்திருக்கிற கடலுயிரான கடற்சாமந்தி ஒன்றிலேயே நான்கு இருந்தன. அதில் மிகப் பெரியதுதான் பெண். அது செத்தால் அடுத்த பெரிய ஆண் பெண்ணாக மாறிவிடும், வரிசையில் நிற்கிற குட்டி ஆணாக வளரும். மகளுக்குச் சொல்லுங்கள். சுறாவைவிட இதற்குத்தான் அதிகம் கேள்வி கேட்பாள்.

ஜூன் 30

ஒருவர் கிளாத்தி மீன் கடித்த கதையை எழுதியிருக்கிறார். சிரிக்கிற விடயம் இல்லை. சுறாவுக்குப் பயப்படுகிறவர்கள் பயப்பட வேண்டியது உண்மையில் இந்தப் பெரிய கிளாத்திக்குத்தான். முக்கால் மீற்றர்வரை வளரும். முருகைக்கல்லையே நொறுக்குகிற பல். மணலில் குழி தோண்டி முட்டை வைத்திருக்கும் காலத்தில் யார் வந்தாலும் பாயும். சனி முதலாவது சுழியோட்டத்தில் எங்கள் கழகத்து மூத்தவரின் கால்துடுப்பில் பிறைவடிவில் ஒரு துண்டைக் கடித்து எடுத்துவிட்டது. அவர் அசையாமல் காலை அதற்கும் தனக்கும் நடுவில் வைத்துக்கொண்டு பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்தார். அனுபவம் என்பது அதுதான்.

பக்கவாட்டில் என்பதைக் கவனியுங்கள். கிளாத்தியின் காவல் எல்லை குழியிலிருந்து புனல் போல மேல்நோக்கி விரியும். பயந்து மேலே ஏறினால் அதன் எல்லைக்குள்ளேயே ஏறிக்கொண்டிருப்பீர்கள். அதோடு, ஆழத்திலிருந்து விழுந்தடித்து மேலே ஏறுவது கடியைவிட ஆபத்தானது.

மேலே மிதக்கிற பிள்ளைக்கு இது பெரும்பாலும் பிரச்சினை இல்லை. ஆனாலும் முதுகுமுள்ளை நிமிர்த்திக்கொண்டு ஒரு பெரிய மீன் முறைத்தால், அந்த இடத்தை விட்டுத் தள்ளிப் போங்கள்.

ஜூலை 2

மட்டக்களப்பு ஹேர்மிஸ் கப்பலைப் பார்த்தீர்களா என்று இரண்டு பேர். இல்லை. அது 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கி. ஐம்பது மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. எங்களைப் போன்ற பொழுதுபோக்குச் சுழியோடிகளுக்கு எல்லை நாற்பது. ஆசை இருக்கிறது, அதற்குரிய பயிற்சி இல்லை. அவ்வளவுதான்.

ஜூலை 3

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எழுதாமல் விட்டேன் என்று கழகத்து ஆட்களே கோபிக்கிறார்கள்.

கோணேசர் மலைக்கு நேர் கீழே இறங்கினோம். 1622இல் போர்த்துக்கீசர் மலைமேல் இருந்த கோயிலை இடித்தார்கள். கல்லில் ஒரு பகுதி கோட்டைக்குப் போனது, ஒரு பகுதி கடலுக்குள் போனது. 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் இந்த அடிவாரத்தில் சுழியோடித்தான் அந்தச் சிதைவுகளைக் கண்டார்கள்.

நான் சின்ன வயதில் அம்மம்மாவோடு மேலே நின்று, கம்பிக்கு வெளியே எட்டிப் பார்த்து, "கீழே என்ன இருக்கு?" என்று கேட்டிருக்கிறேன். "பழைய கோணேசர்" என்றார். கீழே போன பிறகு, முதலில் எல்லாமே மலையிலிருந்து உருண்ட பாறையாகத்தான் தெரிந்தது. கல்லில் கடற்பஞ்சும் கொட்டலசும் அப்பிக் கிடக்கின்றன. பதினாறு மீற்றரில் ஒரு பாறையின் விளிம்பு மட்டும் நேராக இருந்தது. இயற்கையில் நேர்கோடு கிடையாதே என்று கிட்டப் போனேன். நாற்பட்டைத் தூண். பட்டை திரும்புகிற மூலை, உளி பட்ட மூலை, இன்னும் கூராக இருந்தது. அதன் கீழ் நிழலில் ஒரு சிங்கமீன், சிறகு போன்ற துடுப்புகளை விரித்துத் தலைகீழாக நின்றது. நான் தொடவில்லை. தூணையும்தான்.

அங்கேயே ஒரு நண்பரின் விரலைக் கொட்டலசு கீறிவிட்டது. இரத்தம் பச்சையாக வந்தது. சிவப்பு நிறம் தண்ணீரில் முதலில் செத்துப்போகிற நிறம். அந்த ஆழத்துக்கு அது வந்து சேர்வதே இல்லை. அவர் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். விளக்கை அடித்துக் காட்டினேன், சட்டென்று சிவப்பாகியது.

மேலே வந்து தலையை வெளியே எடுத்தபோது காலைப் பூசை மணி கேட்டது.

ஜூலை 3, சற்றுப் பிந்தி

இன்னொரு சத்தமும் கேட்டது. எழுதாமல் விட்டால் மேலே எழுதியது பாதி உண்மைதான்.

சனி இரண்டாவது சுழியோட்டம், ஆமையைக் கண்டதற்குக் கொஞ்சம் முன்பு. காதில் இல்லை, நெஞ்சில். 'தும்' என்று ஒரு குத்து. எங்கள் பதினொரு பேரும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டோம். மீன்கள் எல்லாம் ஒரு திசையில் திடுக்கிட்டு, பிறகு பழையபடி. எங்கிருந்து என்று சொல்ல முடியாது. தண்ணீரில் சத்தம் ஒரு செக்கனுக்கு ஒன்றரைக் கிலோமீற்றர் ஓடும், காற்றில் ஓடுவதைப் போல நான்கு மடங்குக்கும் மேல். இரண்டு காதிலும் ஒரே நேரத்தில் விழுவதால் திசை தெரியாது. எல்லாப் பக்கமும் அதுதான்.

டைனமைற். 1996ஆம் ஆண்டுக் கடற்றொழில் சட்டத்தில் தெளிவாகத் தடைசெய்யப்பட்டது. ஆனாலும் திருகோணமலைக் கடலில் இது புதிய சத்தமில்லை. வெடித்தால் மீனின் காற்றுப்பை கிழிந்துவிடும். மேலே மிதப்பதை வலையால் அள்ளுவார்கள். அதைவிட அதிகம் அடியில் விழுந்து அழுகும். முருகைக்கல் உடைந்து சல்லியாகும். சல்லி அலைக்கு உருளும். உருளுகிற கல்லில் புதிய முருகை பிடிக்காது.

வள்ளக்கார அண்ணனிடம் கேட்டபோது அவர் முகம் மாறிவிட்டது. "வலை போடுறவன்தான் முதல்ல பசியால சாகிறவன்" என்றார். மீனவர் எல்லோரையும் ஒன்றாக வைத்துத் திட்டி இங்கே ஏற்கெனவே இரண்டு பதிவு வந்திருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். வெடிவைப்பவனால் முதலில் நட்டப்படுகிறவர் அவர்தான்.

ஜூலை 5

அவசரமாக ஒன்று. மேலே ஒருவர், "சனி திருகோணமலையில் சுழியோடிவிட்டு அன்றிரவே நுவரெலியா போகிறோம்" என்று எழுதியிருக்கிறார். போகாதீர்கள்.

ஆழத்தில் அழுத்தப்பட்ட காற்றைச் சுவாசிக்கும்போது நைதரசன் உடம்பில் கரைந்து தங்கும். அது மெல்ல மெல்ல மூச்சோடு வெளியேற வேண்டும். அதற்குள் அழுத்தம் குறைந்த இடத்துக்குப் போனால், சோடாப் போத்தலின் மூடியைத் திறந்தது போல, இரத்தத்திலும் மூட்டிலும் குமிழி கட்டும். விமானம் ஏறுமுன் பதினெட்டு மணி நேரமாவது இருக்க வேண்டும் என்பது சுழியோடிகள் எல்லோருக்கும் தெரியும். மலை ஏறுவதும் அதே கதைதான் என்பது பலருக்குத் தெரியாது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். எங்கள் கழகத்திலேயே ஒருவர் பல வருடம் முன்பு இப்படிப் போய், ரம்பொடைக்கு மேலே தோள்மூட்டு வலியோடு திரும்பி வந்தவர். கரையில் ஒருநாள் தங்கி, அடுத்த நாள் போங்கள்.

கேள்வி கேட்டவருக்கு: உங்கள் மகள் மேலே மிதக்கத்தான் போகிறாள், இது அவளுக்குப் பொருந்தாது.

ஜூலை 9

உங்கள் அண்ணனின் 'செத்த கல்' எனக்கு இன்னும் உறுத்துகிறது. முதல் நாள் நான் சனத்தை மட்டும் சொல்லிக் கடந்துவிட்டேன். அது நேர்மையில்லை.

செத்த கல் இருக்கிறது. வள்ளம் ஒதுங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் பெரும்பகுதி அப்படித்தான். 1998இல் கடல் சூடாகித் தெற்கிலும் மேற்கிலும் முருகைக்கற்கள் வெளிறிச் செத்தபோது, திருகோணமலைப் பக்கம் பெரிதும் தப்பியது. அதனால்தான் புறாத்தீவுக்கு இவ்வளவு மதிப்பு. 2024 ஏப்ரலில் உலகம் முழுக்க நான்காவது தடவையாக வெளிறல் நடப்பதாக அறிவித்தார்கள். நாங்கள் போனபோது மான்கொம்பு முருகையில் பல கிளைகளின் நுனி பால்வெள்ளையாக இருந்தது. வெள்ளை என்றால் செத்தது என்று இல்லை. உள்ளே குடியிருந்து சாப்பாடு போட்ட பாசியைச் சூட்டில் வெளியே தள்ளிவிட்டது, பட்டினி கிடக்கிறது. தண்ணீர் கெதியாகக் குளிர்ந்தால் பாசி திரும்பும். குளிராவிட்டால் சாகும். அதன்மேல் பச்சையாகவோ கபிலமாகவோ பாசி மூடியிருந்தால்தான் அது முடிந்த கதை.

இப்படிப் பட்டினி கிடக்கிற ஒன்றின் மேல்தான் ஆள் ஏறி நிற்கிறது. கிளைவிடுகிற முருகை நல்ல காலத்தில் வருடத்துக்குப் பத்துச் சென்ரிமீற்றர் அளவில் வளரும். குண்டாக வளர்கிற இனம் வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவுதான். பத்து மணிக்கு நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒருவர் சறுக்கி, ஒரு கிளைக்கூட்டம் முறிந்தது. தண்ணீருக்குள் அந்தச் சத்தம் சாப்பாட்டுத் தட்டு உடைந்தது போல இருந்தது. அவருக்குக் கேட்டிருக்காது, தலை வெளியே இருந்தது. நான் தலையை எடுத்து, "அண்ணே, அது உயிருள்ளது" என்றேன். அவர் உண்மையாகவே திகைத்துப்போனார். "கல்லில்லையா?" என்றார். கெட்ட மனிதர் இல்லை. யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சீட்டு வாங்குகிற இடத்தில் யாராவது இரண்டு நிமிடம் தமிழிலும் சிங்களத்திலும் சொன்னாலே பாதி பேர் ஏறி நிற்க மாட்டார்கள்.

ஜூலை 10

"பாண் துண்டு போட்டால் சுறா வருமா?" வேண்டாம். வருவது சுறா இல்லை, கையைக் கொத்துகிற சின்ன மீன்கள். அதன் வயிற்றுக்கும் பாண் ஆகாது.

ஜூலை 21

பயணம் அடுத்த வாரம் என்று எழுதியிருக்கிறீர்கள். மகளுக்காக நான் செய்யச் சொல்வது இவ்வளவுதான்.

முதல் நாள் விடுதி நீச்சல் குளத்திலோ கரையிலோ, கண்ணாடியும் மூச்சுக்குழாயும் போட்டு, முகத்தைத் தண்ணீரில் வைத்து மூச்சுவிடப் பழக்குங்கள். தலைமயிர் கண்ணாடியின் ஓரத்தில் சிக்கினால் தண்ணீர் வரும், பிள்ளை பதறும்; மயிரை ஒதுக்கிவிட்டுப் போடுங்கள். வெயிலுக்குக் கிறீம் பூசுவதைவிட நீட்டுக் கை உடுப்பு நல்லது. சில கிறீம்களில் உள்ள இரசாயனம் முருகைக்கு நஞ்சு. மிதவைச் சட்டை கட்டாயம். நீங்கள் ஒரு கை எட்டுகிற தூரத்தில் இருங்கள். காலையில் முதல் வள்ளத்தில் போங்கள். காற்று எழும்பினால், வள்ளக்காரர் வேண்டாம் என்றால், வாக்குவாதம் செய்யாமல் திரும்பிவிடுங்கள்.

களைத்தால் நிற்க ஆசை வரும். அப்போது மணல் உள்ள இடத்துக்கு மிதந்து வந்து நிற்கட்டும். அதுவும் காலை இழுத்து இழுத்து வைத்து. மணலுக்குள் திருக்கை புதைந்திருந்தால் அதிர்வு கேட்டு எழும்பிப் போய்விடும்.

அப்புறம், கையைக் கட்டிக்கொண்டு மிதக்கச் சொல்லுங்கள். சுறாவைத் தேடி நீந்தினால் அது போய்விடும். அசையாமல் இருந்தால் அதுவே பார்க்க வரும். நூறுவரை மனதுக்குள் எண்ணச் சொல்லுங்கள், பொறுமைக்கு உதவும்.

ஜூலை 30

உங்கள் பதிவைப் படித்தேன். மூன்று தடவை படித்தேன். முதல் நாள் காற்று, போக முடியவில்லை. இரண்டாம் நாள் போனீர்கள், நூறு எண்ணியும் ஒன்றும் வரவில்லை, மகள் இருநூறு எண்ணினாள், இருநூற்று நாற்பதில் வந்தது. நீங்கள் பயத்தில் அவள் கையைப் பிடித்தீர்கள், அவள் உங்கள் கையைத் தட்டிவிட்டாள், 'அசையாதே' என்று. வாசித்துக்கொண்டிருந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரு கேள்வி. முதுகுத் துடுப்பில் "கடிபட்ட மாதிரி" இருந்தது என்று அவள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். எந்த இடத்தில்? முன்பக்கமா பின்பக்கமா, கறுப்பிலா அதற்குக் கீழேயா? துடுப்பின் வெட்டையும் கறுப்பு முடிகிற கோட்டையும் வைத்துத்தான் ஒரு சுறாவை இன்னொன்றிலிருந்து பிரித்து அடையாளம் காண்பார்கள். நீங்கள் சொல்லிக்கொடுக்காமல், அவளையே வரையச் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 1

படம் கிடைத்தது. கொப்பித் தாளில் நீலப் பென்சில். சுறாவின் வாய் சிரிக்கிறது, அது இருக்கட்டும். கறுப்பு நுனியை அழுத்தி அழுத்திப் பூசியிருக்கிறாள். வெட்டு பின்விளிம்பில், கறுப்பு முடிகிற இடத்துக்குச் சற்றுக் கீழே, அரைவட்டமாக.

கழகத்து நண்பரின் காட்சியை நிறுத்தி, திரையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதுதான். ஜூன் 22 அன்று எங்களைச் சுற்றிப் போன அதே சுறா.